தானாக விலகினார்

1

போன செவ்வாய்க்கிழமை அலுவலகத்தில் எனக்காக ஒரு கேக் வெட்டினார்கள். பிறந்தநாள் இல்லை, வேறு விசேஷமும் இல்லை. வருடம் ஒருமுறை வருகிற தணிக்கைக்காரர்கள் தொழிலாளர்களின் கோப்புகளையெல்லாம் இரண்டு நாள் உட்கார்ந்து புரட்டிவிட்டு, ஒரு குறைகூட இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அந்தக் கோப்புகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. மேலாளர் எல்லோரையும் கூப்பிட்டு நிறுத்தி என் பெயரைச் சொன்னார். கவிதா என்பது அவர் வாயில் கவீட்டா என்றுதான் வரும். ஆறு வருடமாகத் திருத்திப் பார்த்து அலுத்துவிட்டேன். கைதட்டினார்கள். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

அந்தக் கோப்புகளில் ஒன்றில் நான் தெரிந்தே எழுதிய பொய் ஒன்று இருக்கிறது. இரண்டே சொல்தான். கேக் வெட்டிய இரண்டாம் நாள், அந்தப் பொய் யாரைப் பற்றியதோ அந்தப் பெண் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். ஊரில் இருக்கிற நீங்கள் அமெரிக்காவிலிருந்து ஒருத்தி எழுதுகிறாள் என்றால் பனியையும் புளிக்காத இட்லி மாவையும் எதிர்பார்ப்பீர்கள். எனக்கு இப்போது அதற்கெல்லாம் மனசில்லை.

2

நான் இருப்பது இண்டியானாவில், சோளக்காட்டுக்கு நடுவே ஒரு சின்ன நகரம். வேலை, முட்டைக் கம்பெனியில். முட்டையைக் கழுவி, வெளிச்சத்தில் காட்டி விரிசல் பார்த்து, பெட்டியில் அடுக்கி அனுப்புகிற இடம். "நாமக்கல்லுல இல்லாத முட்டையா, அதுக்கு ஏரோப்ளேன் ஏறிப் போவோணுமா?" என்று என் மாமியார் கேட்டார். நியாயமான கேள்விதான்.

எங்கள் ஊர் ராசிபுரத்திலிருந்து வெண்ணந்தூர் போகிற வழியில் இருக்கிறது. அப்பாவிடம் மூன்று லாரிகள் இருந்தன. ஜவ்வரிசி ஏற்றிக்கொண்டு வடக்கே போகும். அப்பாவுக்கு இங்கிலீஷ் படிக்க வராது. அதனால் எட்டாவது படிக்கும்போதே லாரிகளின் காகிதங்கள் என் கைக்கு வந்துவிட்டன. எஃப்.சி., பர்மிட், இன்சூரன்ஸ், ரோடு டாக்ஸ் என்று ஒவ்வொன்றும் எந்தத் தேதியில் முடிகிறது என்பதை ஒரு நோட்டில் எழுதி வைத்து, பத்து நாளுக்கு முன்பே அப்பாவிடம் சொல்ல வேண்டும். ஒருமுறை சொல்ல மறந்துவிட்டேன். இன்சூரன்ஸ் முடிந்து இரண்டு நாள் ஆன வண்டி ஓமலூர் தாண்டி ஒரு ஸ்கூட்டர்காரரை இடித்து, அவருக்கு ஒரு கால் போயிற்று. வழக்கு வருடக்கணக்கில் நடந்தது. என்னை யாரும் திட்டவில்லை. பதிமூன்று வயதுப் பெண்ணை என்னவென்று திட்டுவது?

அதற்குப் பிறகு தேதி தாண்டிய வண்டி எங்கள் ஷெட்டை விட்டு நகர்ந்ததில்லை. லோடு ஏற்றித் தார்ப்பாய் கட்டியிருந்தாலும் நானே ஓடிப்போய் டிரைவரிடம் சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன். தாசில்தாரம்மா வருது என்று டிரைவர்கள் கேலி செய்வார்கள். எனக்கு அது உள்ளூரப் பிடித்திருந்தது.

இன்னொரு பாடமும் அப்போதே மண்டையில் ஏறிவிட்டது. செக்போஸ்ட்டில் ஜெராக்ஸைக் காட்டினால் மூஞ்சியில் விட்டெறிவார்கள். ஒரிஜினல் வேண்டும், ஒரிஜினலில் வட்டமாக சீல் வேண்டும், சீலின் மேல் பச்சை மையில் கையெழுத்து வேண்டும். இவை மூன்றும் இல்லாததைக் காகிதம் என்றே எங்கள் வீட்டில் சொல்ல மாட்டோம்.

3

அந்தப் பெண்ணின் பெயர் மிஷ்லின், ஹைட்டிக்காரி. கரீபியன் கடலில் இருக்கிற நாடு. நிலநடுக்கம் ஒருபக்கம், தெருவுக்குத் தெரு துப்பாக்கிக் கும்பல்களின் ராஜ்ஜியம் இன்னொரு பக்கம். இப்படித் திரும்பிப் போனால் உயிருக்கு உத்தரவாதமில்லாத நாடுகளின் மக்கள் ஏற்கெனவே இங்கே இருந்தால், அவர்களைத் திருப்பி அனுப்பாமல் தற்காலிகமாகப் பாதுகாப்புக் கொடுத்து, வேலை செய்வதற்கு ஒரு அட்டையும் கொடுப்பார்கள். தற்காலிகம் என்றால் அதிகம் போனால் ஒன்றரை வருடம். அது முடிகிற சமயத்தில் அந்த நாட்டின் நிலைமையைப் பார்த்து நீட்டிப்பார்கள், அல்லது மாட்டார்கள். பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது, வீடு பிடிப்பது எல்லாம் இந்தத் தவணைக்குள்தான்.

நீட்டிக்கும்போது ஒரு சங்கடம் உண்டு. புது அட்டை அச்சாகித் தபாலில் வர மாதக்கணக்காகும். அதுவரை இவர்கள் என்ன செய்வார்கள்? அதற்காக, பழைய அட்டையில் போட்டிருக்கும் தேதி முடிந்திருந்தாலும் இன்ன நாள் வரை அது செல்லும் என்று அரசே ஒரு அறிவிப்பு வெளியிடும். அட்டையில் ஒரு எழுத்தும் மாறாது. அறிவிப்பு இணையத்தில் கிடக்கும், யார் வேண்டுமானாலும் அச்சடித்துக்கொள்ளலாம். அட்டையையும் அறிவிப்பையும் சேர்த்துக் காட்டினால் கம்பெனி ஏற்றுக்கொண்டாக வேண்டும். சட்டம் அப்படித்தான் சொல்கிறது. இதையெல்லாம் இவ்வளவு தெளிவாக இப்போது எழுதுகிறேன். தெரிந்திருக்க வேண்டிய அன்றைக்கு எனக்குத் தெரியாது.

4

எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு திங்கட்கிழமை, கணினியில் மிஷ்லினின் பெயருக்குப் பக்கத்தில் சிவப்புப் புள்ளி வந்தது. அட்டையின் தேதி முடிந்துவிட்டது. ஆள் அனுப்பிக் கூப்பிட்டேன். தலையில் வலைத்தொப்பியும் ஈர ஏப்ரனுமாக வந்தாள். எதற்குக் கூப்பிட்டேன் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. பிளாஸ்டிக் உறைக்குள் அட்டையையும் ஒரு பத்துப் பக்கக் காகிதக் கட்டையும் தயாராக வைத்திருந்தாள்.

நான் அந்தக் கட்டின் முதல் பக்கத்தைப் பார்த்தேன். பிறகு கடைசிப் பக்கத்துக்குப் போனேன். ஊர்ப் பழக்கம் அது. சீல் இல்லை, கையெழுத்து இல்லை, வீட்டு பிரிண்டரில் மை மங்கி அச்சான காகிதம். புது அட்டை வந்ததும் அதை எடுத்துக்கொண்டு வாருங்கள் என்று சொன்னேன். சிரித்த முகமாகத்தான் சொன்னேன்.

"மேடம், நாலாவது பக்கத்தை மட்டும் ஒரு தடவை படிக்கிறீங்களா?" என்று கேட்டாள். அந்தப் பக்கத்தில் ஒரு வரிக்கு மஞ்சள் மை பூசியிருந்தாள். விதி என்றால் விதிதான், என் கையில் ஒன்றும் இல்லை என்று சொல்லி, அவளுடைய கம்பெனி அடையாள அட்டையை வாங்கி மேசை டிராயரில் போட்டேன். அவள் வாதாடவில்லை. வலைத்தொப்பியைக் கழற்றி மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு போனாள். என் ஜன்னலிலிருந்து கார் நிறுத்துமிடம் தெரியும். ஒரு மணி நேரம் காரைக் கிளப்பாமல் உள்ளேயே உட்கார்ந்திருந்தாள். பாவம் என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டே தயிர்சாதம் சாப்பிட்டேன்.

எனக்கு மன்னிப்பே கிடையாத இடம் ஒன்று இதில் இருக்கிறது. நானும் அட்டைக்காரியாக இருந்தவள்தான். கணவரின் விசாவில் வந்து, வேலை செய்ய அனுமதியில்லாமல் ஏழு வருடம் வீட்டுக்குள் கிடந்து, பிறகு அட்டை வாங்கி ஒரு பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசையில் உட்கார்ந்தேன். புது அட்டை தாமதமானபோது அங்கே இருந்த அம்மாள் இதே போலச் சிரித்த முகமாக என்னை வீட்டுக்கு அனுப்பினார். நான்கு மாதம். குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதிருக்கிறேன். அப்படி அழுதவள் இன்னொருத்தியின் நாலாம் பக்கத்தைப் படித்திருக்க வேண்டாமா?

5

என் மகள் யாழினிக்குப் பதினாறு வயது. தமிழ் புரியும், பதில் பெரும்பாலும் இங்கிலீஷில் வரும். கார் வேண்டுமென்றால்தான் அம்மா ஞாபகம் வரும். கல்லூரி விண்ணப்பத்தில் எழுதுவதற்குச் சமூக சேவை வேண்டும் என்று சனிக்கிழமைகளில் நூலகத்துக்குப் போய்க்கொண்டிருந்தாள். அங்கே புதிதாக வந்தவர்களுக்குப் படிவங்கள் நிரப்ப உதவுகிறார்கள். பள்ளியில் பிரெஞ்சு படிப்பதால் ஹைட்டிக்காரர்களை இவளிடம் அனுப்புவார்களாம்.

மிஷ்லினை நான் அனுப்பி நாலாவது வாரம், நூலகத்திலிருந்து வந்தவள் காலணியைக்கூடக் கழற்றாமல் சமையலறை வாசலில் நின்றாள். ஒரு பெண்ணுக்குப் படிவம் நிரப்பியபோது கடைசியாக வேலை பார்த்த இடம் என்று எங்கள் கம்பெனியின் பெயர் வந்திருக்கிறது.

"நாலாம் பக்கம் படிச்சியாம்மா?" என்றாள்.

அவள் போனில் இருந்த அறிவிப்பை அங்கேயே நின்று படித்தேன். ஒரே வரி. பள்ளிப் பிள்ளைக்குப் புரியும்படி எழுதியிருந்தார்கள். மிஷ்லினின் அட்டை இன்னும் ஒரு வருடத்துக்குமேல் செல்லும். அந்த அம்மா என்னைப் பற்றி என்ன சொன்னார் என்று கேட்டேன். தப்பாக ஒன்றும் சொல்லவில்லை, நீ ரொம்பப் பணிவாகப் பேசினாய் என்றுதான் சொன்னார் என்றாள். திட்டியிருந்தால்கூட எனக்குத் தாங்கியிருக்கும்.

திங்கட்கிழமை அலுவலகம் திறந்ததும் மேலாளரிடம் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். கதவு வரை போனேன். கம்பெனிமேல் வழக்கு வருமோ, வேலை போய்விடுமோ, எல்லாவற்றுக்கும் மேலாக, கவீட்டாவின் கோப்பில் தப்பே இருக்காது என்ற பெயர் போய்விடுமோ என்று பயம். திரும்பி வந்து கணினியைத் திறந்தேன். வேலையை விட்ட காரணம் என்ற கட்டத்தில் அட்டை செல்லாது என்று நானே எழுதியிருந்தேன். அதை அழித்துவிட்டு, தானாக விலகினார் என்று மாற்றினேன். யாரும் கேள்வி கேட்காத காரணம் அது ஒன்றுதான்.

பிறகு மிஷ்லினுக்குப் போன் செய்தேன். முட்டைப் பெட்டிகளை வைக்கிற குளிரறையில் ஒரு இடம் காலியாகியிருக்கிறது, உங்களுக்காகப் பேசி வைத்திருக்கிறேன் என்றேன். அந்த வார்த்தைகளை நான்தான் சொன்னேன், உங்களுக்காகப் பேசி வைத்திருக்கிறேன் என்று. அடுத்த திங்கட்கிழமை வந்து சேர்ந்தாள். ஐந்து வாரம் வீட்டில் இருந்திருக்கிறாள். அதற்குள் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, சித்தி மகளின் வீட்டில் ஒரே அறையில் மகளோடு ஒண்டிக்கொண்டிருந்தாள். பத்து வயது மகள் பள்ளி மாறிவிட்டாள்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் நாள் எனக்கு ஒரு டப்பாவில் பூசணிக்காய் சூப் கொண்டுவந்தாள். அவர்கள் நாட்டில் சுதந்திர தினத்தன்று எல்லா வீட்டிலும் வைக்கிற சூப்பாம். என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னாள். நான் அந்த நன்றியை வாங்கிக்கொண்டேன். சூப்பையும் குடித்தேன், நன்றாகவே இருந்தது. வெறும் டப்பாவைத் திருப்பிக் கொடுக்கக் கூடாதே என்று கழுவித் துடைத்து முறுக்கு போட்டுக் கொடுத்தேன்.

யாழினியிடம் எல்லாம் சரியாகிவிட்டது, அவர் வேலையில் சேர்ந்துவிட்டார் என்று மட்டும் சொன்னேன். அவள் என்னைக் கட்டிக்கொண்டாள். இரண்டு வருடத்தில் அவளாக வந்து என்னைக் கட்டிக்கொண்டது அது முதல் முறை. 

6

இதற்கிடையில் ஹைட்டிக்காரர்களுக்கான பாதுகாப்பை இனி நீட்டிப்பதில்லை என்று அரசு அறிவித்துவிட்டது. வழக்குகள் நடக்கின்றன. ஒரு நாள் முடிந்தது என்கிறார்கள், இன்னொரு நாள் நீதிமன்றம் நிறுத்தி வைத்திருக்கிறது என்கிறார்கள். குளிரறையில் வேலை செய்கிறவர்கள் இடைவேளையில் போனைப் பார்த்தபடியே சாப்பிடுகிறார்கள். மிஷ்லின் ஒரு வழக்கறிஞரைப் பிடித்து அடைக்கலம் கேட்டு மனுப் போட்டிருக்கிறாள்.

போன வியாழக்கிழமை என் மேசைக்கு முன் வந்து நின்றவள் இரண்டு காகிதங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். ஒன்று அவளுடைய மனு. அட்டையை ஏற்காததால் கம்பெனி என்னை ஐந்து வாரம் நிறுத்தி வைத்தது என்று அதில் உண்மையை எழுதியிருக்கிறாள். இன்னொன்று வழக்கறிஞர் கேட்டதற்காகப் போன மாதம் நான் எங்கள் பதிவிலிருந்து எடுத்து அனுப்பிய தாள். தானாக விலகினார் என்று அதில் இருக்கிறது. இதில் ஒன்று பொய். இந்தச் சின்ன விஷயத்தில் பொய் சொல்கிறவள் என்று நீதிபதிக்குத் தோன்றிவிட்டால், தம்பியை வீட்டு வாசலில் வைத்துச் சுட்டார்கள் என்று அவள் சொல்வதை மட்டும் நம்புவாரா என்று வழக்கறிஞர் கேட்டாராம். விசாரணை அடுத்த மாதம். எது சரி என்று ஒரு கடிதம் திங்கட்கிழமைக்குள் வேண்டும் என்றாள். அவள் குரலில் குற்றச்சாட்டே இல்லை.

பார்த்துச் சொல்கிறேன் என்றேன். நம் ஊர் ஆபீஸ்களில் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் சொல்வார்களே, அதே வார்த்தை.

வேண்டாத வேலை, பதிவை மாற்றியது தெரிந்தால் இனி எந்தக் கம்பெனியிலும் உன்னை இந்த வேலைக்குச் சேர்க்க மாட்டார்கள் என்று என் கணவர் சொன்னார். அது உண்மை. சனிக்கிழமை காலையில் அப்பாவுக்குப் போன் போட்டேன். அங்கே சாயங்காலம். இப்போது லாரிகள் இல்லை, ஷெட்டை வாடகைக்கு விட்டிருக்கிறார். நடந்ததைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"தேதி போன காயிதத்துக்கு நீ என்ன சாமி பண்ணுவ? நீ பண்ணுனது செரிதான்" என்றார்.

"தேதி போவுலீங்கப்பா. நாந்தான் படிக்காம உட்டுட்டேன்."

 பிறகு, "செரி, அந்தப் புள்ளைக்கு அன்னைக்கு பேட்டா குடுத்துத்தான அனுப்பிச்ச?" என்று கேட்டார்.

 காகிதக் குறையால் வண்டியை நிறுத்தினால் அப்பா டிரைவருக்கு அன்றைய பேட்டாப் பணத்தைக் கையில் கொடுத்து, எங்கள் வீட்டில் சோறு போட்டு, பஸ் ஏற்றி விட்டுவிட்டுத்தான் வருவார். காயிதம் போனது வண்டிக்கு, அவன் என்ன பண்ணுவான் என்பார். எத்தனையோ முறை அந்தச் சோற்றைப் பரிமாறியவள் நான். சாவியைப் பிடுங்குவது மட்டும்தான் எனக்கு நினைவில் நின்றிருக்கிறது. இல்லீங்கப்பா என்றேன்.  நாமகிரிப்பேட்டைப் பக்கம் நல்ல மழை என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை யாழினியிடம் மிச்சத்தையும் சொன்னேன், அந்த இரண்டு சொல்லையும் சேர்த்து. காதிலிருந்து இயர்போனைக் கழற்றிவிட்டுக் கேட்டாள். கத்தவில்லை. "இப்ப என்ன எழுதப்போற?" என்று மட்டும் கேட்டாள். வழக்கமாக என் இங்கிலீஷைத் திருத்திக் கொடுப்பவள் அவள்தான். இந்தக் கடிதத்தை நீயே எழுது என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டாள்.

7

இன்று காலை முதல் வேலையாக மேலாளரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கதவைச் சாத்திவிட்டுத் தலைமை அலுவலகத்துக்குப் போன் செய்தார். கோப்புகளை நாளையிலிருந்து நான் தொடக்கூடாது, என்னைப் பற்றி முடிவு எடுத்துவிட்டுச் சொல்வார்கள். கம்பெனி தன் பெயரில் கடிதம் கொடுக்க நாளாகும் என்றார். என் பெயரில், நடந்ததை நானே எழுதிக் கையெழுத்துப் போடுவதை அவரால் தடுக்க முடியாது என்றும் சொன்னார். நல்ல மனிதர்.

மதிய இடைவேளையில் மிஷ்லின் வந்தாள். நாலாம் பக்கத்தைப் பற்றியும், நான் அழித்து எழுதியதைப் பற்றியும் சொன்னேன். சொல்லி முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, தெரியும் என்றாள்.

எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டேன்.

"அன்னைக்கே தெரியும். நான் அதை எத்தனை தடவை படிச்சிருப்பேன்? நீங்க படிக்கலைன்னு அங்கேயே தெரிஞ்சுபோச்சு. வேற இடம் காலி, பேசி வச்சிருக்கேன்னு போன்ல சொன்னப்ப மீதியும் புரிஞ்சது."

"அப்புறம் எதுக்கு எனக்கு சூப் கொண்டுவந்தீங்க?"

அவள் என்னைக் கொஞ்சம் வியப்போடு பார்த்தாள். "இன்னொரு தடவை என் தேதி முடியும். அப்பவும் உங்ககிட்டத்தானே வரணும்?"

தீபாவளிக்கு ஆர்.டி.ஓ. ஆபீஸ் கிளார்க் வீட்டுக்கு அப்பா ஸ்வீட் பெட்டி கொண்டுபோவார். செருப்பை வெளியே கழற்றிவிட்டு உள்ளே போவார். அந்த ஆள் அப்பாவின் தோளில் தட்டிப் பேசும்போது, அப்பாவுக்குத் தன்மேல் தனிப் பிரியம் என்று நம்பியிருப்பான். திரும்பி வரும் வழியில் அப்பா ஒரு வார்த்தை பேச மாட்டார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவளுக்கு முன்னால் அழுவதும் தப்பு என்று அடக்கிக்கொண்டேன்.

கடிதத்தைக் கொடுத்தேன். உட்கார்ந்து படித்தாள். இடைவேளை முடிகிற மணி அடித்தது. எழுந்திருக்காமல் தொடர்ந்து படித்தாள். பிறகு, நான் எவ்வளவு வருந்துகிறேன் என்று உருகி எழுதியிருந்த பத்தியில் விரலை வைத்தாள். இது நீதிபதிக்கு வேண்டாம், எடுத்துவிடுங்கள் என்றாள். அதற்குக் கீழே, தவறு பின்னர் என் கவனத்துக்கு வந்தது என்று எழுதியிருந்த இடத்துக்கு விரல் நகர்ந்தது.

"பின்னர்னா எப்போ?"

அந்த ஒரு சொல்லை யோசித்துத்தான் போட்டிருந்தேன். நேற்று அதற்கே ஒரு மணி நேரமாயிற்று. என்றைக்குத் தெரிந்தது, என்றைக்குப் பதிவை மாற்றினேன் என்று எழுதிவிட்டால், எல்லாம் தெரிந்த பிறகு ஏழு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தவள் என்பது பச்சையாக வெளியே வந்துவிடும்.

"அந்த ரெண்டு நாளும் எனக்கு வேணும்" என்றாள்.

உருகிய பத்தியை எடுத்தேன். பின்னர் என்பதை அழித்துவிட்டு, யாழினி சமையலறை வாசலில் வந்து நின்ற சனிக்கிழமையின் தேதியையும், நான் அந்தக் கட்டத்தைத் திருத்திய நாளின் தேதியையும் போட்டேன். புதிதாக அச்சடித்துக் கையெழுத்துப் போட்டு நீட்டினேன். மிஷ்லின் நின்றபடியே அந்த இரண்டு தேதிகளையும் பார்த்தாள். சரி என்று தலையசைத்து, தாளை உறைக்குள் வைத்துக்கொண்டு குளிரறைக்குப் போனாள். நன்றி சொல்லவில்லை.